கையேட்டுப் பிழைகளை ஏன் வெளியில் போடுகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளின் கையேட்டில் நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லும் பிழைகளை இந்த மாதத்திலிருந்து எல்லாரும் பார்க்கும்படி பட்டியலாக வெளியிடுகிறோம். “தன் சரக்கில் உள்ள குறையைத் தானே பலகையில் எழுதி வைக்கிற கடை உண்டா?” என்று தேவகோட்டை அண்ணன் ஒருவர் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மென்பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். திரை நின்றுபோகும், கூட்டல் உதைக்கும், நீங்களும் எங்களைத் திட்டிக்கொண்டே கூப்பிடுவீர்கள். கையேடு தப்பாக இருந்தால் அப்படியில்லை. படிக்கிறவர் தன்னைத்தான் சந்தேகப்படுவார். நமக்குத்தான் கம்ப்யூட்டர் பிடிபடவில்லை என்று பேசாமல் இருந்துவிடுவார்.

பில் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி அது 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு தடவை வரவும் கூடாது. கையேட்டின் பழைய பதிப்பில் ஊர்ப் பெயர், நிதியாண்டு, வரிசை எண் மூன்றையும் சேர்த்து ஒரு மாதிரி கொடுத்திருந்தது. கண்டாங்கிச் சேலைக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கும் பெண் அதை விரல் விட்டு எண்ணிவிட்டார். காரைக்குடியை ஆங்கில எழுத்தில் எழுத 9, நிதியாண்டுக்கு நடுக்கோட்டோடு 7, வரிசை எண்ணுக்கு 4, இடையில் சாய்கோடு 2. ஆக 22! ஊரை 3 எழுத்தாகவும் ஆண்டை 4 இலக்கமாகவும் சுருக்கினால் 13-இல் முடிந்துவிடும். சரி, கையேட்டைத் திருத்தினோம். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது: 22 எழுத்தை மென்பொருள் ஏற்றுக்கொண்டிருக்கவே கூடாது. அதையும் இப்போது தடுத்தாயிற்று.

இதைச் சத்தமில்லாமல் திருத்தியிருந்தால் புதிய பதிப்பு வாங்குகிறவருக்கு மட்டும்தான் பயன். பழைய கையேடு இன்னும் பல கடைகளின் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறதே, அதைப் பார்த்து பில் போடுகிறவருக்கு யார் சொல்வது? பேரேட்டில் தப்பு வந்தால் சுரண்டி அழிக்க மாட்டோம். பழைய தொகை தெரியும்படி ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இந்தப் பட்டியலும் அந்த முறைதான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. இணையத்தின் இயக்க விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில், வெளியான பிறகு சொன்ன விஷயத்தை மாற்றுவதில்லை. பிழைகள் தனிப் பட்டியலில் ஏறும். யார் வேண்டுமானாலும் எழுதிப்போடலாம். கணினி அறிஞர் டொனால்ட் குனுத், தன் நூல்களில் ஒரு பிழையை முதலில் காட்டுபவருக்கு 2.56 டாலர் என்று அறிவித்தவர். எங்களால் முடிந்தது ஒரு பாக்கெட் சீப்புச் சீடை.

ஒவ்வொரு புகாருக்கும் பக்கத்தில் “வந்தது”, “சரிபார்த்தது”, “ஏற்கவில்லை”, “அடுத்த பதிப்புக்கு” என்று நான்கில் ஒன்று எழுதியிருக்கும். ஏற்காததையும் நீக்க மாட்டோம். புதுச்சேரிக்குப் போகும் பலகாரப் பார்சலுக்கு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டிப் போகும் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) போடச் சொல்வது தப்பு, பக்கத்து ஊர்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். கையேடு சொல்வதுதான் சரி. ஆனாலும் அதே சந்தேகம் அடுத்தவருக்கும் வரும், அதனால் பதிலோடு அது அங்கேயே இருக்கட்டும்.

எழுதும்போது பக்க எண், பின்னட்டையில் உள்ள பதிப்பு எண், திரையில் என்ன வந்தது என்ற மூன்றும் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி. தொகையையும் வாடிக்கையாளர் பெயரையும் மட்டும் மறைத்துவிடுங்கள். உங்கள் கடைப் பெயரை நாங்கள் போட மாட்டோம். அச்சிட்ட பட்டியல் வேண்டுமென்றால் சர்வீஸுக்கு வரும் தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் பிரிவு,
காரைக்குடி