அன்றைக்கு டவர் இருந்தது

கம்மவான்பேட்டை
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் குரலைக் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. கோபத்தில் சொல்லவில்லை, கணக்குக்குச் சொன்னேன். பொங்கலன்று நீ பேசிக்கொண்டிருந்தபோது டவர் போய்விட்டது. இங்கே மலை ஓரம், அப்படித்தான் போகும். அம்மாவுக்கு மட்டும் 'நல்லா இருக்கேன்' என்று வாட்ஸ்அப்பில் போடுகிறாய். அவள் எனக்குக் காட்டினாள். காட்டாதே என்று நீ சொல்லியிருந்தால் அவளைத் திட்டாதே.

போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இருபத்திரண்டு வருஷம் ஏபிஓ என்ற பட்டாளத்துத் தபால் முகவரியில் கடிதம் எழுதியே குடும்பம் நடத்தியவன், எனக்கு இதுதான் வரும்.

வீடு முடிந்துவிட்டது. நீ அனுப்பிய பணத்தில் போர்வெல் போட்டோம், தண்ணீர் இனிப்பாக இருக்கிறது. நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறைகிணறு இறக்கிய பிறகு இந்தப் பக்கம் கிணறுகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வருகிறவர்களிடம் எல்லாம் 'பையன் போட்டுக் கொடுத்தான்' என்று சொல்லி ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கிறேன். அம்மா சிரிக்கிறாள்.

சென்னையில் பாங்கு வாசலில் துப்பாக்கியோடு நின்ற வருஷங்களில் இந்த ஊரை நினைத்துக்கொண்டேதான் நின்றேன். ராணுவப்பேட்டை என்று இதற்கு இன்னொரு பெயர் இருப்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர் அல்லது இருப்பவர். காலை ஐந்து மணிக்குத் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் முதுகை நிமிர்த்தித்தான் நடக்கிறார்கள், முழங்கால் போனவர்கள்கூட. பொம்பளைகளுக்குத் தெரியக் கூடாது என்றால் திண்ணையில் இந்தியில் பேசிக்கொள்கிறோம். மாதம் ஒருமுறை வேலூர் ராணுவ கேண்டீன், மருந்துக்கு அங்கேயே முன்னாள் ராணுவத்தாருக்கான ஈசிஹெச்எஸ் ஆஸ்பத்திரி, நவம்பர் வந்தால் நாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று சான்று. ஓஆர்ஓபி, அதாவது ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன், வந்த பிறகு பென்ஷனும் குறையில்லை. நீ எனக்கென்று இனிமேல் அனுப்ப வேண்டாம். உனக்கு வைத்துக்கொள். அங்கே பனிக்கு நல்ல ஷூ வாங்கு, போன வருஷத்ததையே இழுக்காதே. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

பையன்கள் இப்போதும் ரோட்டில் ஓடிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆனால் இப்போது அக்னிவீர், நாலு வருஷம். நூற்றில் 25 பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள், மீதிப்பேர் கையில் கொஞ்சம் பணத்தோடு வீட்டுக்கு. எதிர்வீட்டுப் பையன் போயிருக்கிறான். அவன் அம்மா நாள் எண்ணுகிறாள். உன்னைப் பட்டாளத்துக்கு அனுப்பக் கூடாது என்று நான் அன்றே முடிவெடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன். நீ படித்தாய், போனாய். சரி, போனாய்.

இங்கே அமைதியாக இருக்கிறது. அதைத்தானே கேட்டேன். ஆனால் ஒன்று, இந்தத் திண்ணையில் எல்லாச் சண்டைக்கும் கதை உண்டு. 71-க்குப் போனவர் ஒருவர் இருக்கிறார், எண்பது வயதாகப் போகிறது, தினமும் ஒரு கிராமத்தைப் பிடிக்கிறார். கார்கில் போன ஆள் காலைத் தூக்கிக் காட்டுகிறார். இலங்கைக்குப் போன நாங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், எங்களுக்குக் கதை கிடையாது. ஆயிரத்துக்கு மேல் நம் ஆட்கள் செத்தார்கள். பத்தரமுல்லையில் அந்த நாட்டில் தூண் எழுப்பிப் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பேச்சு வந்தால் மழை, மல்லாட்டை விலை என்று மாறிவிடுவோம். யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்ததே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பொங்கலன்று, நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பெண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு ஊர்ப் பெயர் சொன்னாய்.

தம்பி, அன்றைக்கு டவர் இருந்தது. மொட்டை மாடியில்தான் நின்றுகொண்டிருந்தேன், நன்றாகக் கேட்டது. 'அவங்க பாட்டி எங்ககூட நல்லாப் பேசுவாங்கப்பா, சொந்த ஊரு கோப்பாய்' என்றாய். அப்புறம் நான் 'ஹலோ, ஹலோ' என்று இரண்டு தடவை கத்திவிட்டு வைத்தேன்.

நான் சாதி பார்க்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் மறுக்கவில்லை. அப்படி நினைத்துக்கொண்டால் எனக்கு வசதியாக இருந்தது.

எனக்குக் கனடா விசாவுக்கு நீ படிவம் நிரப்பினாயே, பட்டாளத்தில் எந்த வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாய். ஜம்மு, செகந்திராபாத், சிலிகுரி என்று வரிசையாகச் சொன்னேன். 'அவ்வளவுதானாப்பா?' என்றாய். அவ்வளவுதான் என்றேன். 90-ல் விடுப்பில் வந்தபோது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் 'எங்கே டூட்டி' என்று கேட்டார், காஷ்மீர் என்றேன். அந்த வருஷம் சிலோனில் இருந்து வந்தேன் என்று தமிழ்நாட்டு பஸ்ஸில் சொல்ல முடியாது. அன்று ஆரம்பித்தது.

87 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, அமைதிப்படை என்று எங்களை அனுப்பினார்கள். முதலில் போனவர்களுக்கு மாலை போட்டார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை. 88-ல் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு சந்தியில் எனக்குச் செக்போஸ்ட் டூட்டி. எனக்கு 22 வயது. அந்த போஸ்ட்டில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு அம்மா வருவார். உன் ஆயா வயசு இருக்கும். கையில் ஓலைப்பெட்டி. ரவுண்டப்பில் அவர் மகனைப் பிடித்துப் போயிருந்தார்கள். முதல் நாள் எல்லாரையும் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து, 'தம்பி, நீர் தமிழ்ப் பிள்ளைதானே, முகத்தில தெரியுது. என்ர மகனை எங்க வச்சிருக்கினம் எண்டு கேட்டுச் சொல்லும் ராசா' என்றார். நான் தெரியாது என்று இந்தியில், 'மாலூம் நஹி' என்றேன்.

மறுநாளும் வந்தார். மாலூம் நஹி. மூன்றாம் நாளும் அதே. கூட இருந்தவன் ஒரு கார்வாலிக்காரன், இமயமலைப் பக்கத்து ஆள், அவனுக்கே பொறுக்காமல் 'என்ன கேட்கிறாள், சொல்லேன்' என்று கேட்டான். தண்ணீர் கேட்கிறாள் என்றேன்.

அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அடித்துவிட மாட்டார், நல்ல மனுஷர்தான். ஆனால் தமிழன் தமிழனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று பார்ப்பார்களோ என்று ஒரு பயம். உள்ளேயும் அந்தப் பார்வை, வெளியேயும் அந்தப் பார்வை. சாக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

நாலாவது நாள் அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை மணல் மூட்டை மேல் வைத்தார். 'அப்ப நீராவது தின்னும்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். வெளியார் கொடுப்பதைத் தொடக் கூடாது என்பது கட்டளை, விஷம் இருக்கலாம். திறந்து பார்த்தேன். பிட்டு. மேலே தேங்காய்ப்பூ, ஓரத்தில் ஒரு துண்டு வாழையிலையில் சம்பல். இன்னும் சூடு இருந்தது. மகனுக்கென்று விடியற்காலையில் அவித்தது. நான் தின்றேன் தம்பி. கடைசி வரை, ஓலை இடுக்கில் இருந்ததையும் விரலால் எடுத்துத் தின்றேன். அந்த அம்மா அப்புறம் வரவில்லை. நானும் தேடவில்லை.

அம்மா பொத்தானும் ஊசிநூலும் போட்டு வைத்திருக்கிறாளே, ஊதா ஓரம் வைத்து, ஒரு பக்கம் பிரிந்துபோன பெட்டி, சின்ன வயசில் நீ தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவாய், அதுதான்.

அந்தப் பாட்டி இந்த அம்மாதான் என்று சொல்லவில்லை. 88-லேயே ஐம்பது, அம்பத்தைந்து இருக்கும். கோப்பாயில் எத்தனையோ அம்மாக்கள் இருந்திருப்பார்கள், எத்தனையோ பிள்ளைகளும். ஆனால் சம்பந்தம் பேச வருகிற வீட்டில் 'மாப்பிள்ளையோட அப்பா என்ன செய்தார்' என்று கேட்பார்கள். பாங்கில் வாட்ச்மேன் என்று நீ சொன்னால் அதுவும் பொய்யில்லை. அதை மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பெண்ணிடம் முதலில் நீ சொல். பாட்டியிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும், நாம் செய்யக் கூடாது. நான் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றால் வருகிறேன். அந்தப் படிவத்தை இந்தத் தடவை முழுசாக நிரப்பு.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நேற்று அந்தப் பெட்டியில் இருக்கும் பொத்தானை வேறு டப்பாவுக்கு மாற்று என்றேன். 'முப்பது வருஷமா இருக்கிற பெட்டிக்கு இப்ப என்ன வந்தது' என்றாள். தபால் ஆபீஸ் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறேன். பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், நாளைக்கு.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

அப்பா