சாக்குக்கு ஒரு கிலோ

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்பதை அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். தீபாவளிக்கு வரவில்லை. சரி, பரீட்சை வேலை இருந்திருக்கும். அதற்குப் பிறகு மூன்று தடவை போன் எடுத்தாய். மூன்று தடவையும் நான் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். "அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எதைச் சொல்லச் சொன்னாய் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போன் என்றால் எனக்கு வாய் வராது, அது உனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன்.

தம்பி இந்த மாதமும் பணம் அனுப்பினான். அடுப்படிக்கு மேலே இரண்டு தகரம் மாற்றியாயிற்று. மூன்றாவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம், மழை அதற்குள் அங்கேயே இடம் பிடித்துக்கொண்டது. ஆட்டுக்குட்டியை விற்கவில்லை. கோயில் கணக்கு இன்னும் முடியவில்லை. உன் சித்தப்பா தலைவராக இருக்கும்வரை அது முடியப்போவதும் இல்லை.

நீ படிப்பிக்கிற ஹப்புத்தளைப் பக்கம் இப்போது பனிமூட்டம் மத்தியானமே இறங்கிவிடும் என்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போ. தனியாகக் குறுக்குப் பாதையில் இறங்காதே. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. பாடத்தைப் புத்தகத்தில் இருக்கிறபடி நடத்து. விஞ்ஞானப் புத்தகம் என்ன சின்னப் புத்தகமா? அதை முடிப்பதற்கே வருடம் போதாது.

நீ ஆகஸ்ட் விடுமுறையில் தலவாக்கலையில் பத்து நாள் பயிற்சிக்குப் போனபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. நம் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், வெள்ளைக்காரத் துரைமார் நிபுணர்களாக உட்கார்ந்திருந்த இடம், அங்கே நம் வீட்டுப் பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை உன் தம்பியின் பழைய போனில் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று கணக்கில்லை. அங்கிருந்து வந்து இரண்டு நாள் நீ இங்கே இருந்தாயே, அப்போது சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. 1946இல்தான் கொப்புள நோய் இந்த நாட்டுத் தேயிலைக்கு வந்தது என்றாய். தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும், அந்தப் புளிப்பும் எல்லை மீறினால் டொலமைட் என்கிற கல் தூள் போட வேண்டும் என்றாய். செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்குப் பிறகு மூட்டை மூட்டையாக நாங்கள் தூவியது எதற்கு என்று முப்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு விளங்கியது. அந்த நிறுவனம் உண்டாக்கிய டி.ஆர்.ஐ. 2025 என்ற தேயிலைச் செடிக்குப் பேர் கிடையாது, நம்பர்தான் என்று சொல்லிச் சிரித்தாய். தோட்டத்து வேலைப் பதிவில், செக்ரோலில் எங்களுக்கும் நம்பர்தானே இருந்தது, நான் சிரிக்கவில்லை.

கொழுந்தைக் கசக்கிப் பரப்பி வைத்தால் செம்பு நிறமாகிறது, கொதிநீரில் முக்கி எடுத்துவிட்டுக் கசக்கினால் பச்சையாகவே நிற்கிறது என்று அடுப்படியில் வைத்தே காட்டினாய். அது புளிப்பது இல்லை, கிருமி வேலையும் இல்லை, இலைக்குள் இருக்கிற நொதியமும் காற்றில் இருக்கிற ஒட்சிசனும் செய்கிற வேலை, கொதிநீர் பட்டால் நொதியம் கெட்டுவிடும் என்றாய். தேயிலை ஆக்குகிற ஸ்டோரில் தலை நரைத்த உன் மாமா வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். இதையெல்லாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டப்போகிறேன் என்றாய். செய். யார் வேண்டாம் என்றது? அந்தப் பிள்ளைகள் காலையில் எழுந்தால் தேயிலை, படுத்தால் தேயிலை. அதற்குள் இரசாயனம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லித் தந்தால் நல்லதுதான்.

ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒன்று இருக்கிறது.

போன வாரம் மேட்டு லயத்தில் இழவு. உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், செல்லம்மா அத்தை வழியில் உறவு. மகன் உன் வகுப்பில் படிக்கிறானாம். நான் உன் அப்பா என்று தெரியாமலே பேசினார். புதிதாக வந்த டீச்சர் ஒருவர் பிள்ளைகளைக் கொண்டு கொழுந்து நிறுக்க வைக்கிறாராம். பள்ளிக்கூட வேலியோரம் கொழுந்து எடுத்து, மழை நாளில் ஒரு தடவை, வெயில் நாளில் ஒரு தடவை. ஈரக் கொழுந்தைப் பழைய சீலையில் பரப்பி ஒற்றி எடுத்துத் திரும்பவும் நிறுக்கிறார்களாம். மழை நாளில் ஒரு கிலோவில் நூற்றைம்பது கிராம் தண்ணீர். வெயில் நாளில் ஒன்றுமே இல்லை. கரும்பலகையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். "இலைக்குள் இருக்கிற தண்ணீர் இலையுடையது, இலைமேல் இருக்கிற தண்ணீர் மழையுடையது" என்று எழுதியிருந்தது. ழகரத்தின் வாலைப் பார்த்ததும் உன் கையெழுத்து என்று தெரிந்தது. அது என் கையெழுத்து, நான்தான் உனக்குப் பழக்கினேன்.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்களாம். அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இரண்டு பெண்கள், "இன்று மழை இல்லையே ஐயா, தண்ணீருக்கு ஏன் நிறையில் வெட்டுகிறீர்கள்" என்று கேட்டார்களாம். கணக்கப்பிள்ளை, "எந்த டீச்சர் சொல்லித் தந்தது?" என்று கேட்டாராம். உறவுக்காரர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

மகளே, உன் நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பெட்டிசம் போவதற்கு ஒரு முத்திரை போதும். பெரியப்பா காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வாய் திறந்ததும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததும் நீ அறியாததல்ல. அவர் பேசியது பொய்யா? பொய் இல்லை. அதுதான் பிரச்சினையே. நீ ஒளித்தொகுப்பு நடத்து. இலையை வெட்டிக் காட்டு, பாசிச்சாயத்தாளை நனைத்துக் காட்டு. தராசை மட்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடு. புத்தகத்தில் இருக்கிறதை நடத்து என்று மேலேயும் எழுதினேன், திரும்பவும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இதுவரை நேற்று எழுதியது. மடித்து உறையில் போட்டுவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பிரித்து மிச்சத்தை எழுதுகிறேன்.

நீ என்னோடு ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பாடத்தைத் தயார் செய்யும்போது உனக்கு மடுவம் நினைவு வந்திருக்கும். மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் சிட்டை எழுதிக்கொண்டு நின்றது யார் என்பதும் நினைவு வந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சை சித்தியடைந்தவன், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை என்னை மலையிலிருந்து கூப்பிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு அது எவ்வளவு பெருமை. உனக்கும்தான், சின்ன வயதில்.

வழக்கம் என்னவென்றால் ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ வெட்டு. சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. நான் போவதற்கு முன்பே இருந்த வழக்கம். சணல் சாக்குக் காலத்தில் அதில் ஓரளவு நியாயம் உண்டு. காய்ந்த சாக்கே முக்கால் கிலோவுக்குக் குறையாது, மழையில் ஊறினால் தூக்கவே கனக்கும். பிறகு நைலோன் வலைச்சாக்கு வந்தது. உனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒரு நாள் கணக்கப்பிள்ளை சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வெறும் வலைச்சாக்கு ஒன்றைக் கொக்கியில் மாட்டினேன். முள் சிலிர்த்தது, நகர்ந்தது என்று சொல்ல முடியாது. நான்கு சாக்கைச் சேர்த்து மாட்டினேன். நான்கும் சேர்ந்து முக்கால் கிலோ. அவிழ்த்துப் போட்டுவிட்டேன். அன்று சாயங்கால நிறுவைக்கும் சாக்குக்கு ஒரு கிலோ வெட்டித்தான் எழுதினேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் மன்னிப்பு இருக்கும். நான் நிறுத்துப் பார்த்தவன்.

2010 பெப்ரவரி. காய்ச்சல் வெயில், இலையில் பனித்துளிகூட இல்லாத மாதம். முந்திய வருடத்து ஒப்பந்தப்படி நாள் சம்பளம் எல்லாம் சேர்த்து 405 ரூபாய். எங்கள் மலையில் 16 கிலோ எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். காய்ந்த மாதத்தில் கொழுந்து ஏது? அம்மா எங்கேயோ ஏறி இறங்கி எடுத்து வந்தாள். காலை நிறுவை ஏழரை, மத்தியானம் ஆறரை, சாயங்காலம் ஏழு. மொத்தம் 21. நான் எழுதியது ஐந்தரை, நாலரை, ஐந்து. மொத்தம் 15. அரைப் பேர்.

அம்மா முள்ளைப் பார்க்கவில்லை. என் பேனாவைப் பார்த்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள், அடுத்தவள் சாக்கை மாட்டினாள். அந்த மாதத்தில் அப்படி இன்னும் எத்தனை நாள் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு நாள்தான் அச்சுப்போல நிற்கிறது. மனைவிக்கு ஒரு கிலோ கூட்டிப் போட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். என்னை நேர்மையானவன் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதச் சம்பளத்தில்தான் உன் பேராதனைப் பூங்காச் சுற்றுலாவுக்கு 300 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கவில்லை. நீ காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாய். உடம்பு சுடவில்லை, நான் தொட்டுப் பார்த்தேன். இந்த நாட்டின் முதல் தேயிலைச் செடியை 1824இல் கொண்டுவந்து வைத்தது அந்தப் பூங்காவில்தான் என்று தலவாக்கலையிலிருந்து வந்தபோது நீ சொன்னாய். "நான் இன்னும் அங்கே போகவில்லை அப்பா" என்றும் சொன்னாய். நான் ஆட்டுக்குத் தழை போடப் போவதுபோல எழுந்துபோய்விட்டேன்.

அம்மாவிடம் இதை நான் ஒரு நாளும் பேசியதில்லை. அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதும் அடுப்படியில்தான் இருக்கிறாள். "அப்படி என்ன எழுத்து, பரீட்சையா எழுதுகிறீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

நேற்று எழுதிய பக்கங்களைக் கிழிக்கவில்லை. அந்தப் பயம் பொய்யில்லை. நிரந்தரம் ஆகும்வரை பொறு என்று இன்னும் ஒரு தடவை சொல்லத்தான் போகிறேன், அப்பா என்றால் சொல்லாமல் இருக்க முடியுமா. ஆனால் பூட்டி வைக்கச் சொன்னேனே, அதைக் கேட்க வேண்டாம். யாராவது கேட்டால் நனைந்த பொருளின் திணிவு பற்றிய பாடம் என்று சொல். பொய்யும் இல்லை.

இன்னொன்று. அந்தக் கரும்பலகைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், உறவுக்காரர் போனைத் திருப்பிக் கேட்கும்வரை. உன் அட்டவணையில் கொழுந்து இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சாக்கு இல்லை. ஒரு நிரல் விட்டுப்போயிற்று. சாக்கைத் தனியாக நிறுக்க வேண்டும், காய்ந்தபடி ஒரு தடவை, நனைத்து ஒரு தடவை. வலைச்சாக்கு ஒன்றை மட்டும் மாட்டினால் முள் காட்டாது. நான்கைச் சேர்த்து மாட்டி நான்கால் வகுக்கச் சொல். ஒவ்வொரு தடவையும் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு மாட்ட வேண்டும். காற்றடிக்கிற வாசலில் தொங்கவிட்டால் முள் ஆடிக்கொண்டே இருக்கும், ஆடுகிற முள்ளைப் பார்த்துத் தங்களுக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.

சணல் சாக்கு இப்போது உங்கள் பக்கம் கிடைக்குமோ என்னவோ. ஆட்டுக்கொட்டிலில் பழையது ஒன்று விரித்துக் கிடக்கிறது. கழுவிப் போட்டிருக்கிறேன். இங்கே வெயிலைக் கண்டு நான்கு நாளாகிறது, அதனால் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நன்றாகக் காய்ந்ததும் ஹட்டனுக்குக் கொண்டுபோய் அனுப்பிவிடுகிறேன்.

அப்பா