கவருக்குள் வந்த கேள்வி: எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கீமோ வார்டில் 11 வருடமாக வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் எழுதுகிறேன். மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை நோயாளிக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. பழைய கதை வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மார்பகப் புற்றுநோய், கீமோ மருந்தின் மூன்றாவது சைக்கிள் (சுற்று). அந்த அம்மாவுக்கு டிரிப் போட்டுக்கொண்டிருந்தேன். கவுண்டரில் வாங்கிய கவரைப் பிரித்து மகள் என்னிடம் நீட்டினாள். பக்கம் பக்கமாக ஆங்கிலம். பிஆர்சிஏ1 என்ற மரபணுவின் பெயருக்குப் பக்கத்தில் 'பேத்தோஜெனிக்', அதாவது நோயை உண்டாக்கக்கூடிய மாற்றம், என்று இருந்தது. அந்த வார்த்தையை மட்டும் போனில் தேடியிருக்கிறாள். "சிஸ்டர், இது கிருமியா? எனக்கும் தம்பிக்கும் ஒட்டிக்குமா?"

கிருமி இல்லை, ஒட்டாது என்று சொல்லிவிட்டேன். மிச்சத்தை எப்படிச் சொல்வது? தாயிடம் உள்ள அந்த மாற்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு, தம்பிக்கும் சேர்த்துத்தான். பெண்ணுக்கு வந்திருந்தால் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல். சினைப்பைக்கும் ஆபத்து உண்டு. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கலாம், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். இதையெல்லாம் சொல்ல கதவு சாத்திய ஓர் அறையும் அரை மணி நேரமும் வேண்டும். அங்கே இருந்தது, பக்கத்துப் பெட்டில் பீப் அடிக்கும் பம்பும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும். "டாக்டர் வந்ததும் கேளும்மா" என்றேன். டாக்டர் ஓபியை முடித்து வரும்போது அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது மெதுவாகக் கேட்டாள்: "கார்த்திகையில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா சிஸ்டர்?"

ரிப்போர்ட்டை விளக்க ஓர் ஆள் வேண்டும். நர்ஸ்கள் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சுற்றறிக்கை போட்டீர்கள், சரி. யார் பேசுவது என்றும் ஒரு வரி போட்டிருக்கலாம். பிஆர்சிஏ1 மரபணுவை 1994-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் கேட்டில் இப்போதுதான் 'மரபணு மருத்துவம்' என்று ஃபிளெக்ஸ் ஏறியிருக்கிறது. ரத்தம் எடுக்க ஆள் இருக்கிறது, பில் போட ஆள் இருக்கிறது. விளக்கத்தான் இல்லை. எங்களுக்கும் நேரமில்லைதான், ஷிஃப்ட் முடிந்தால் பெட்ஷீட் எண்ண வேண்டுமே! இன்னொன்றும் சொல்கிறேன். சில கீமோ மருந்துகளை உடம்பில் சிதைக்க உதவும் டிபிஒய்டி மரபணுவில் கோளாறு உள்ளவருக்குக் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை கொடுத்தால் முதல் சைக்கிளிலேயே வாயெல்லாம் புண்ணாகி, வயிற்றுப்போக்கு நிற்காமல் போகலாம். அதை முதலில் பார்ப்பதும் நாங்கள்தான். அதற்கும் ஒரு வகுப்பு எடுத்ததில்லை.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும். ஒரு மரபணு ஆலோசகரை நியமியுங்கள். அதுவரை எங்களில் இருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள், என் சொந்த லீவில் போகவும் தயார். வாரத்தில் ஒரு மதியம் ஓர் அறை ஒதுக்கித் தாருங்கள். தயவுசெய்து.

அந்த அம்மாவுக்கு அடுத்த சைக்கிள் 21 நாள் கழித்து. அதில் 5 நாள் போய்விட்டது. மகளும் கூட வருவாள்.

இப்படிக்கு,
கீமோ வார்டு நர்ஸ் ஒருத்தி