சவுரியும் சட்டமும்

மதுரை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முப்பது ஆண்டுகள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்காடியவன் என்பதால், அமெரிக்கக் கருப்பினப் பெண்கள் தங்கள் தலைமுடிக்காக வேலையிடத்தோடு போராடிய கதையை எட்ட நின்று படிக்க என்னால் முடியவில்லை.

1981ஆம் ஆண்டின் ரோஜர்ஸ் வழக்கை நீ ஒரே பத்தியில் கடந்துவிட்டாய். அங்கேதான் நின்று எழுதியிருக்க வேண்டும். ரோஜர்ஸ் என்ற கருப்பினப் பெண் விமான நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்தவர்; பின்னல் முடிக்கு அங்கே இருந்த தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். வரிவரியாகப் பின்னிய அந்த முடியைக் கொண்டையாக முடிந்து, சுற்றிலும் சவுரி வைத்து மறைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று நிர்வாகம் சொன்னது. அதனால் கடுமையான தலைவலி வருகிறது என்று அவர் முறையிட, சற்றுப் பெரிய சவுரியாக வைத்துக்கொள்ளலாமே என்ற பொருளில் நீதிமன்றம் எழுதியது. உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த நீதிபதி ஒரு நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கலாம்" என்றாள். எனக்கு அதற்கு மேல் வாதம் தோன்றவில்லை.

சுருட்டையாகத் தானே வளரும் ஆப்ரோ முடிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கலாம், கையால் பின்னியதற்கு இல்லை என்று அந்தத் தீர்ப்பு பிரித்துப் பார்த்ததுதான் பின்னால் வந்த சிக்கல்களுக்கு வேர். அலபாமாவில் 2010இல், சடைமுடி (திரிதிரியாக விட்ட முடி, dreadlocks) வைத்திருந்த சாஸ்டிடி ஜோன்ஸ் என்ற கருப்பினப் பெண்ணுக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றபோது, இத்தகைய சடைமுடி கலைந்துபோகும், உங்களுடையது அப்படி என்று நான் சொல்லவில்லை என்றாராம் அதிகாரி. மாற்றிக்கொள்ளக்கூடியது இனத்தின் அடையாளமாகாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரைக் கைவிட்டது.

சட்டப் பேராசிரியர் வெண்டி கிரீன் 2008இலேயே இந்த "மாற்ற முடியாத தன்மை" என்ற அளவுகோலைத்தான் கேள்வி கேட்டார். பிறகு, முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரௌன் சட்டத்தின் வரைவிலும் அவர் பங்கு இருந்தது. 2019இல் கலிபோர்னியா இயற்றிய அச்சட்டம், இனம் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே முடியின் தன்மையையும் பின்னல், சடைமுடி போன்றவற்றையும் சேர்த்தது. நீதிபதியோடு மல்லுக்கட்டாமல் சொல்லின் பொருளையே திருத்திய இந்த உத்தியை நீ விரிவாக எழுத வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. டெக்சாஸில் அதே வகைச் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தும், சடைமுடி வளர்த்த மாணவனை முடியின் நீளத்தைக் காரணம் காட்டிப் பள்ளி தண்டித்தது செல்லும் என்று 2024இல் நீதிமன்றம் கூறியது. சட்டத்தில் முடியின் வகை இருந்ததே தவிர, நீளம் இல்லை. குறுக வெட்டினால் அந்தச் சடை சடையாக நிற்குமா என்பதை உன் கட்டுரை கேட்கவேயில்லை. அந்தப் பகுதியைத் திருத்தி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா