அசைவுக்கும் ஒரு கடிகாரம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

உடல் கடிகாரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் மூளையின் அடியில் ஒரே ஒரு கடிகாரம் இருப்பது போலவும், உடல் முழுக்க அதன் சொல்படி நடப்பது போலவும் முடித்திருந்தார்கள். அது பாதிக் கதைதான்; அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளிலும் கடிகாரம் ஓடுகிறது.

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். தினமும் அதே மாத்திரை, அதே அளவு. காலையில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். மாலை 4 மணிக்கு நாற்காலியை விட்டு எழுவதே பெரும்பாடு. ஏன் இப்படி என்று தேடப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

கட்டுரை சொன்ன தலைமைக் கடிகாரம் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்புச் செல்கள். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் கடிகாரத்தை ஓட்டும் புரதங்கள் அங்கே மட்டும் இல்லை. க்ளாக், பிமால் என்ற இரண்டும் சேர்ந்து பெர், க்ரை புரதங்களை உண்டாக்கத் தூண்டும். அவை செல்லில் சேரச் சேர, தங்களை உண்டாக்கியவற்றையே தடுத்து நிறுத்தும். அப்புறம் அவை சிதைந்து குறைந்ததும் எல்லாம் மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். இந்தச் சுற்று அசைவைக் கவனிக்கும் ஸ்ட்ரையாட்டம் என்ற மூளைப் பகுதியிலும் சிறுமூளையிலும்கூட நடக்கிறது. நரம்புச் செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து சேரும் இடம் ஸ்ட்ரையாட்டம்தான். பார்க்கின்சனில் வறண்டுபோவது அந்த டோபமின் வரத்துதான். எலிகளில் பார்த்தபோது, அங்கே பெர் வகையில் ஒன்றான பெர்2 புரதம் நாள் முழுக்க ஏறி இறங்குவதற்கே டோபமின் தேவைப்படுகிறது என்று தெரிந்தது.

எலிகளில் என்று சொன்னேன். சிக்கலே அங்கேதான். இந்தத் துறையில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சுண்டெலி, எலி ஆய்வுகளிலிருந்து வந்தது. அவை இரவில் நடமாடுபவை. சரி, 12 மணி நேரத்தைத் தள்ளிப் போட்டால் மனிதக் கணக்கு வந்துவிடும் என்று தோன்றும். வராது. தலைமைக் கடிகாரத்தில் பெர் புரதங்களின் ஏற்ற இறக்கம் பகல் விலங்கிலும் இரவு விலங்கிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் நடக்கிறது. அதற்கு வெளியே, மூளையின் பல பகுதிகளில் அது தலைகீழாகிவிடுகிறது. ஆகவே அசைவுப் பகுதிகளின் நேரத்தை அறிய, நம்மைப் போலப் பகலில் விழித்திருக்கும் குரங்குகளின் மூளையைத்தான் பார்த்தாக வேண்டும்.

அது எளிதான வேலை இல்லை. பபூன் என்ற குரங்கு வகையில் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என ஒரு நாள் முழுக்க 64 திசுக்களை எடுத்துப் பார்த்தார்கள். புரதத்துக்கான மரபணுக்களில் 80 சதவீதத்துக்கும் மேல், ஏதாவது ஒரு திசுவிலாவது நாள் தாளத்தோடு இயங்கின. மலைக்க வைக்கும் வேலைதான். ஆனால் அது அளந்தது ஆர்என்ஏ-வை, அதாவது புரதம் செய்யச் சொல்லும் உத்தரவை. உத்தரவு போன நேரமும் புரதம் சேர்ந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் குரங்கு மூளையின் அசைவுப் பகுதிகளில் கடிகாரப் புரதங்களையே நேராகத் தேடும் ஆய்வுகளை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன்.

2014-இல் வந்த இன்னோர் ஆய்வை மறக்க முடியவில்லை. டோபமின் செல்களை இழந்த குரங்குகளை மாறாத வெளிச்சத்தில் வைத்தபோது, அவற்றின் நடமாட்டத்தில் இருந்த நாள் ஒழுங்கு குலைந்துபோனது. தலைமைக் கடிகாரத்துக்குச் சேதம் இல்லை. ஆனால் அதன் சேதி அசைவுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்பாவின் மாலை நேரத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மருந்து, சாப்பாடு, களைப்பு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனால் எத்தனை மணிக்கு எப்படி இருந்தார் என்று மூன்று மாதமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். காலை நேரச் சந்திப்பில் அவரை நல்ல நிலையில் மட்டுமே பார்த்துவந்த மருத்துவர், நோட்டைப் பார்த்த பிறகு மாலை நிலைமை பற்றி வெகுநேரம் விசாரித்தார்.

அடுத்து உடல் கடிகாரம் பற்றி எழுதும்போது, தூக்கத்தோடு நின்றுவிடாமல் அசைவைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். பார்க்கின்சன் நோயாளியை வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி