லென்ஸை முதலில் எடுத்து வையுங்கள்: கொங்கு மண்டலக் கேமரா விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் ஊர்களில் கேமரா கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே நாள் முழுவதும் நின்றுகொண்டு வாடிக்கையாளர்களிடம் பேசும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. வைகாசியிலும் ஆனியிலும் ஓடியாடி உழைத்த கல்யாண போட்டோகிராபர்களின் கையில் வசூலான பணம் கொஞ்சம் இருக்கிறது; ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்குள் புது கேமரா வாங்கிவிட வேண்டும் என்ற அவசரமும் இருக்கிறது. உங்கள் கடை வாசலில் ஆடித் தள்ளுபடிப் பலகை ஏறுவதும் இந்த மாதத்தில்தான் என்பதால், வாங்குபவர் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டிய ஒன்றை இப்போதே சொல்லிவிட நினைக்கிறேன். நான் கோபிசெட்டிபாளையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன். ஃபிலிம் ரோல் மாட்டிக் கொடுக்கும் உதவியாளாகத் தொடங்கி, உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா வழியாக, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தவன். உங்களில் பலரிடம் கடன் சொல்லியும் வாங்கியிருக்கிறேன். ஆகவே இதைப் பகையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற ஆடியில் அந்தியூரிலிருந்து ஒரு தம்பியை அழைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. தம்பியிடம் ஒன்றே முக்கால் லட்சம் இருந்தது. கல்யாணமும், சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் எடுக்க வேண்டும் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி, அதாவது படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமரா உடல், மேசைக்கு வந்துவிட்டது. எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், வீடியோ எத்தனை கே என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. லென்ஸைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வந்தது: "அது கூடவே வருதுங்ணா." அந்தத் தொகையில் கூடவே வரக்கூடியது ஜூமைத் தள்ளத் தள்ள எஃப் 5.6 வரை சுருங்கிவிடும் சாதாரண கிட் லென்ஸ். எஃப் எண் கூடக் கூட லென்ஸ் உள்ளே விடும் ஒளி குறையும்.

முகூர்த்தம் பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் நடக்கிறது. மேடையில் வீடியோக்காரர் விளக்கு அணைந்த நொடியில் மிஞ்சுவது மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சமும் குத்துவிளக்குச் சுடரும்தான். அந்த வெளிச்சத்தில் எஃப் 2.8 லென்ஸ் உள்ளே விடும் ஒளியில் நான்கில் ஒரு பங்கைத்தான் எஃப் 5.6 லென்ஸ் விடுகிறது. ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸோடு ஒப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு கிராப் எனப்படும் சிறிய சென்சாரைப் போல சுமார் இரண்டேகால் மடங்கு என்பது உண்மையே. ஆனால் அந்த இரண்டேகால் மடங்கைச் சம்பாதிக்க ஒருவர் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதையும், நான்கு மடங்கு ஒளியை இழக்கும் லென்ஸ் ஒன்று சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது. அதே ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு கிராப் பாடியும், ஜூம் முழுக்க எஃப் 2.8 நிற்கும் லென்ஸ் ஒன்றும், பிரைம் ஒன்றும் வாங்கியிருந்தால் அவன் படங்கள் முதல் கல்யாணத்திலேயே வேறாக இருந்திருக்கும். சிக்மாவின் 18-50 எஃப் 2.8 லென்ஸ் சுமார் 300 கிராம்தான் எடை. காலையிலிருந்து கழுத்தில் தொங்கவிட்டு நடப்பவருக்குத்தான் அந்த எடையின் அருமை தெரியும்.

பிரைம் என்றவுடன் 50 எம்எம் லென்ஸை எடுத்து நீட்டுவதும் நம் கடைகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. கிராப் பாடியில் அது 75 எம்எம் போலத்தான் பார்க்கும்; எம்எம் எண் கூடக் கூடப் பார்வை குறுகும். கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் நடக்கும்போது மேடையைச் சுற்றி உறவுக்காரர்கள் கூட்டமாக நிற்க, பின்னால் நகர ஓரடி இடமில்லாமல் முதுகு அலங்காரத் தூணில் முட்டிக்கொண்டிருப்பவருக்கு 75 எம்எம் எதற்கு? அவருக்கு வேண்டியது 23 அல்லது 35 எம்எம். வெள்ளோடு சரணாலயத்தில் பறவை எடுக்கப் போகிறவருக்கு 400 எம்எம்கூடப் போதாது. எங்கே நின்று எதை எடுக்கப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுவிட்டால், எந்த லென்ஸ் என்பது தானாகவே வந்துவிடும். லென்ஸ் தெரிந்தபின் அதைப் பாடியில் பூட்டும் வளையமான மவுண்ட் தெரியும், மவுண்ட் தெரிந்தபின் பாடி தெரியும். நம் கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது என்பதே என் குறை.

மவுண்ட் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கியவருக்குப் பிற்பாடு அதிகம் செலவு வைப்பது அதுதான். 2008இல் பானாசோனிக் ஜி1 வந்தபோது கண்ணாடியை எடுத்துவிட்ட கேமராவை நம்மில் பலர் விளையாட்டுப் பொருளாகத்தான் பார்த்தோம். 2013இல் சோனி ஏ7 வந்தது. 2018இல் நிக்கானும் கேனனும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கொண்டுவந்தன. கண்ணாடி இருந்த இடம் காலியானதால் லென்ஸ் சென்சாருக்கு அருகில் வர முடிந்தது. மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே நிக்கானின் பழைய எஃப் மவுண்ட்டில் 46.5 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி, மிரர்லெஸ்ஸுக்கான இசட் மவுண்ட்டில் 16 ஆகக் குறைந்தது. கேனனின் பழைய இஎஃப் மவுண்ட்டில் 44 ஆக இருந்தது புதிய ஆர்எஃப்பில் 20 ஆனது. மிச்சமான அந்த இடத்தில்தான் பழைய லென்ஸைப் புதிய பாடியோடு இணைக்கும் அடாப்டர் உட்காருகிறது. பழைய லென்ஸ் புதிய பாடியில் ஏறுவதும், புதிய லென்ஸ் பழைய பாடியில் ஒருநாளும் ஏறாததும் இதனால்தான்.

ஆனால் ஏறுவது வேறு, ஓடுவது வேறு. கேனனின் இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அடாப்டரில் ஃபோகஸ் இயல்பாக ஓடுகிறது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களை ஓட்டும் மோட்டார் பாடிக்குள் இருந்தது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை என்பதால் அவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும். நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் செய்தி இது. ஆனால் நம் ஊர் ஸ்டுடியோக்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பிழைப்பு ஓட்டிய 50 எம்எம்களும் 80-200களும் பெரும்பாலும் இந்த வகைதான். "அடாப்டர் போட்டா எல்லாமே ஏறுமுங்க" என்ற சொல்லை நம்பி வாங்கியவர், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். வாடிக்கையாளர் தம் பழைய லென்ஸ்களைப் பையோடு கொண்டுவரட்டும். ஒவ்வொன்றையும் மாட்டி, ஃபோகஸ் ஓடுகிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை.

மற்ற நிறுவனங்களின் லென்ஸ்கள் கிடைப்பதிலும் மவுண்ட்டுக்கு மவுண்ட் வேறுபாடு உண்டு. சோனி இ மவுண்ட்டுக்கு டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் ஏராளம். கேனன் ஆர்எஃப்பில் அவ்விரு நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் 2024இல்தான், அதுவும் கிராப் பாடிகளுக்கானவையாக, வரத் தொடங்கின. இதனால் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து இரண்டாவது லென்ஸ் வாங்கப் போகிறவரின் செலவை இன்றே தீர்மானிப்பது இதுதான் என்பதால், பாடி விலையைச் சொல்லும்போதே அந்த மவுண்ட்டில் அவருக்கு அடுத்துத் தேவைப்படும் லென்ஸின் விலையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2019இல் முதல் மிரர்லெஸ் வாங்கியபோது, சத்தமே வராத ஷட்டரைப் பெரிய வரமாகக் காட்டினார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்தில், கொங்குக் கல்யாணப் பாட்டான மங்கல வாழ்த்தைப் பாடும்போது சபை அமைதியாக இருக்கிறதே, நம் ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று அதைப் போட்டேன். மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை. கேமராத் திரையில் சின்னதாகப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. இரவு கணினியில் திறந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் மணமக்கள் முகத்தின் குறுக்கே ஊதாவும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. மாதிரிப் படங்களைப் பார்த்த பெண்ணின் பெரியப்பா, "ஏனுங்க தம்பி, இது சேலை டிசைனுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

சத்தமில்லாத அந்த மின்னணு ஷட்டர் சென்சாரை வரிசை வரிசையாகப் படிக்கிறது. சாதாரண விலைப் பாடிகள் பலவற்றில் ஒரு படத்தைப் படித்து முடிக்க ஒரு நொடியில் பதினைந்திலிருந்து ஐம்பதில் ஒரு பங்கு வரை ஆகிறது; அதற்குள் எல்இடி விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் சாதாரண விளக்குகள் ஒத்துழைக்கும். மலிவான எல்இடி திரைகள் அதற்கும் அடங்குவதில்லை. இந்தத் தொல்லை இல்லாத வேகச் சென்சார் பாடிகள் வந்துவிட்டன என்றாலும் அவற்றின் விலை எங்கள் ஆடிப் பணத்துக்கு எட்டாது. தவறு கேமராவுடையது அன்று. அதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் சொல்லாமல் விட்டதுதான்.

இதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு கடையிலும் பிரித்துவைத்த பாடி ஒன்றும், இரண்டு மூன்று லென்ஸ்களும் தொட்டுப் பார்க்க இருக்கட்டும். வாடிக்கையாளர் தம் மெமரி கார்டைப் போட்டு, கடையின் ஒரு மூலையில் விளக்கை அணைத்து, சின்ன எல்இடி ஒன்றை எரியவைத்துப் படம் எடுத்து, கார்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கட்டும். நகைக்கடையில் கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. எங்களுக்கு நகை விலையில் வருகிற பொருளை மட்டும் அட்டைப் பெட்டியின் மேலிருக்கும் எழுத்தைப் படித்து வாங்கச் சொல்வது எப்படி நியாயமாகும்? கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்பதும் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். சிறிய பாடியில் கனமான 70-200 லென்ஸ் மாட்டினால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குவதை எந்த விளம்பரத் தாளிலும் எழுதுவதில்லை.

மெகாபிக்சல் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000. நம் ஊரில் பலரும் போடும், விரித்தால் 12க்கு 36 அங்குலம் வரும் ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம்; அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 3600க்கு 5400 போதும். மீதி வெறும் ஹார்ட் டிஸ்க் செலவு.

அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை வேறு சில உண்டு. பேட்டரி அவற்றில் ஒன்று. ஒரே முறைப்படி அளந்த கணக்கில் நிக்கான் டி750 என்ற டிஎஸ்எல்ஆர் 1230 படம் தாங்கியது. சோனி ஏ6000 என்ற மிரர்லெஸ் 360 படம். புதிய பாடிகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன என்றாலும் டிஎஸ்எல்ஆர் பழக்கத்தில் ஒரே பேட்டரியோடு மண்டபத்துக்குப் போகிறவர் தாலி கட்டும் நேரத்தில் மாட்டிக்கொள்வார். வெயில் இன்னொன்று. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கிறது; கரூர் பரமத்தியில் சித்திரை வெயில் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. தேர்த் திருவிழாவில் 4கே வீடியோ எடுத்துக்கொண்டே நிற்கிறவருக்குக் கேமரா தானாக அணைந்தால் அது பழுதல்ல, சூடு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தில் லென்ஸ் மாற்றுகிறவரிடம், பல மிரர்லெஸ் பாடிகளில் லென்ஸைக் கழற்றும்போது ஷட்டர் சென்சாரை மூடுவதில்லை என்பதையும், பஞ்சுத்தூசி நேராக அதன்மேல் உட்காரும் என்பதையும் சொல்லுங்கள். பாடியை அணைத்தபின் ஷட்டரை மூடிக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கிக் காட்டிவிட்டே பெட்டியைக் கொடுங்கள்.

பில் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். பில் இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம் என்று காதோடு சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டுடியோக்காரர் அந்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதைச் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் பில்லோடுதான் வாங்குவார்கள். பாடியின் எண், லென்ஸின் எண், இந்திய வாரண்டி உண்டா இல்லையா என்ற மூன்றும் பில்லில் எழுத்தில் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தால் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும் என்பது எனக்குத் தெரியும். பாடியில் கிடைப்பதைவிட லென்ஸில் உங்களுக்கு லாபம் கூடுதலா குறைவா என்பது உங்கள் கணக்கு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பாடி மூன்று நான்கு ஆண்டுகளில் மாறிவிடும், நல்ல லென்ஸ் பத்து ஆண்டு நிற்கும். அந்த லென்ஸை வாங்கிக் கொடுத்த கடைக்குத்தான் எங்கள் ஆட்கள் தம்பியையும் மச்சானையும் அழைத்து வருவார்கள்.

ஆவணி முதல் வாரத்தில் எனக்கு இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றன. அதற்குள் 85 எம்எம் லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும். அடுத்த புதன்கிழமை ஈரோட்டுக்கு வருகிறேன். பழைய பாடி, மெமரி கார்டு, எல்இடி விளக்கு மூன்றும் கையில் இருக்கும். அந்தியூர்த் தம்பியும் கூட வருகிறான். கிட் லென்ஸை விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டுமாம். எந்தக் கடையில் மூலை விளக்கை அணைத்துத் தருகிறார்களோ அங்கேயே இரண்டு பேரும் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையத்துக் கல்யாண போட்டோகிராபர் ஒருவர்