டிஏசி மாறியதா, சத்தம் கூடியதா?

ஆசிரியருக்கு,

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கேற்ற மின் அலையாக மாற்றும் பெட்டி) கருவிகளை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை ஏற ஏற வீணை இனிக்கிறது என்கிறார் கட்டுரையாளர். இருக்கட்டும். ஆனால் எல்லாக் கருவிகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்டாரா என்பதை அவர் எழுதவில்லை. டீ ஃபேக்டரியில் 30 வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அளக்காத பேச்சைக் கேட்டால் கை மல்டிமீட்டரைத் தேடும்.

போன ஐப்பசியில் கோவையிலிருந்து என் மைத்துனர் கோத்தகிரிக்கு வந்தார், கையில் புதிதாக வாங்கிய டிஏசி. செங்கல் கனம். என்னிடம் இருந்ததோ ஃபோனிலும் லேப்டாப்பிலும் செருகுகிற சுண்டுவிரல் நீள டாங்கிள், அதுவும் ஒரு குட்டி டிஏசிதான். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, காருகுறிச்சியாரின் பழைய நாகஸ்வரப் பதிவைப் போட்டோம். "தவில் எப்படித் தனியா எழுந்து நிக்குது பாருங்க மச்சான்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அப்புறம் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்தேன். சாதாரண மல்டிமீட்டர் கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டது, மேலே போனால் பல மீட்டர்கள் பொய் சொல்லும். டாங்கிளில் 1.4 வோல்ட், அவருடையதில் 2.8. சரியாக இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெரிய பெட்டிகள் பொதுவாக 2 வோல்ட் வெளியிடும், டாங்கிள்கள் பல 1 வோல்ட்டோடு நின்றுவிடும். வித்தியாசம் அரை டெசிபலாக இருந்தால் சத்தம் கூடியதாகவே தெரியாது, 'தெளிவு' கூடியதாகத்தான் காது சொல்லும். ஏமாறுவது அங்கேதான்.

லேப்டாப்பில் அவருடைய டிஏசியின் ஒலியளவைக் குறைத்து, இரண்டையும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தேன். என் மகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் காசு சுண்டி, பூவா தலையா பார்த்து மாற்றிமாற்றிப் போட்டு நோட்டில் குறித்தாள். 20 தடவையில் அவர் சரியாகச் சொன்னது 11, நான் 9. கண்ணை மூடிக்கொண்டு உளறியிருந்தாலும் பத்து வந்திருக்கும். 'மழைச் சத்தத்தில் கேட்கவில்லை' என்றார் மைத்துனர். அதுவும் நியாயம்தான். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் தகரக் கூரையில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. 1982-இல் வந்த சிடியின் 16 பிட்டே மிகப் பெரிய சத்தத்துக்கும் அடி இரைச்சலுக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி தருகிறது. 120 டெசிபல் டிஏசியை வாங்கி இந்தக் கூரைக்குக் கீழே வைத்து என்ன செய்ய? அந்தப் பழைய பதிவிலேயே டேப்பின் இரைச்சல் டிஏசியின் இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம்.

எல்லா டிஏசியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. என் பழைய லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையில் மவுஸை நகர்த்தினாலே 'கிர்ர்' என்று கேட்கும். டாங்கிள் மாட்டிய அன்றே அது போய்விட்டது. மெல்லிய சிக்னலையும் கேட்கவைக்கும் இயர்ஃபோன் போடுபவர்களுக்கு டிஏசியின் இரைச்சலும் அவுட்புட் இம்பிடன்ஸும் (வெளியீட்டு முனையில் கருவிக்குள்ளேயே இருக்கும் மின்தடை) முக்கியம். கட்டுரையாளர் இவற்றைத் தொடவே இல்லை, சிப் பெயர்களுக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 'ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல் கேட்டால் உடனே டிஏசியைத் திட்டாதீர்கள். பாட்டு ஓடும்போதே லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த்தாகி வளையமாகச் சுற்றும் கரண்ட். ஒளியாகவே சிக்னலைக் கடத்தும் ஆப்டிக்கல் வயரில் செம்பு இல்லை என்பதால் அதில் இணைத்தாலும் அடங்கும். அதற்காக ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னை மட்டும் யாரும் பிடுங்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து. இங்கே பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸ் பலவற்றில் அந்த மூன்றாவது ஓட்டை ஏற்கெனவே அழகுக்குத்தான் இருக்கிறது. நமது ஈரத்தில் ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஸ்பான்ச் மக்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். எந்த டிஏசி மாற்றமும் அந்தக் கிழிசலின் பக்கத்தில் வர முடியாது.

அடுத்த ஒப்பீடு வெளியிடும்போது ஒவ்வொரு கருவியின் பெயருக்குப் பக்கத்திலும் ஸ்பீக்கர் முனையில் கண்ட வோல்ட்டேஜைப் போடச் சொல்லுங்கள். மீட்டர் இல்லையென்றால் என்னுடையதை அனுப்பித் தருகிறேன், பேட்டரி மட்டும் அவர் போட்டுக்கொள்ளட்டும்.

ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன்,
கோத்தகிரி